கேப்டன் நெமோவுக்குச் செய்த துரோகம்

கேப்டன் நெமோ ஓர் இந்தியர். இதைச் சொன்னால் பாதிப் பேர் நம்புவதில்லை. 1954 இல் டிஸ்னி எடுத்த படத்தில் ஜேம்ஸ் மேசன்தான் நெமோ. அந்தத் தாடி வைத்த வெள்ளைக்காரர் முகம்தான் பலர் மனதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 2003 இல் 'தி லீக் ஆஃப் எக்ஸ்ட்ராடினரி ஜென்டில்மென்' படத்தில் நஸிருதீன் ஷா அந்த வேடத்தில் வந்தார். கதைப்படி அதுதான் சரி. ஜூல்ஸ் வெர்ன் எழுதிய 'மர்மத் தீவு' நாவலின் கடைசிப் பகுதியில் நெமோவே தன் வாயால் சொல்லிவிடுகிறார். அவர் பெயர் இளவரசர் தக்கார். புந்தேல்கண்ட் ராஜாவின் மகன். 1857 புரட்சியில் வெள்ளைக்காரனை எதிர்த்து வாளெடுத்தவர். அது மட்டுமா? அவர் திப்பு சுல்தானுக்கு உறவு!

இந்தக் கடைசி வரியைத் திண்டுக்கல்லில் உட்கார்ந்து படிக்கிற ஒரு பையனுக்கு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அவன் வீட்டு மொட்டை மாடியில் நின்றால் மலைக்கோட்டை தெரியும். 1605 இல் முத்துகிருஷ்ணப்ப நாயக்கர் கட்டத் தொடங்கிய கோட்டை. 1755 இல் ஹைதர் அலி மைசூரின் ஃபௌஜ்தாராக வந்து இறங்கிய ஊர் அது. அதற்கப்புறம் கம்பெனிக்காரன் பிடிப்பான், மைசூர் திரும்ப வாங்கும், மறுபடி அவன் பிடிப்பான். கடைசியாக 1790 இல் கம்பெனிப் படை பிடித்தது. 1792 ஸ்ரீரங்கப்பட்டண ஒப்பந்தத்தில் திண்டுக்கல் சீமை நிரந்தரமாகக் கை மாறியது. பேகம்பூர் பெரிய பள்ளிவாசலில் ஹைதர் அலியின் தங்கை அமீருன்னிசா பேகத்தின் சமாதி இருக்கிறது. அந்தப் பேகத்தால்தான் அது பேகம்பூர். அதாவது திப்புவின் சொந்த அத்தை அடக்கமாகியிருக்கும் ஊர் இது. பஸ் ஸ்டாப் பெயராக மட்டுமே தெரிந்த ஒரு சரித்திரம், உலகப் புகழ் பெற்ற ஒரு பிரெஞ்சு விஞ்ஞான நாவலில் வந்து நிற்கிறது. பையனுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம் வர வேண்டும்.

வருகிறது. ஆனால் அதிகபட்சம் பத்து நிமிஷம்தான். அடுத்த பக்கங்களில் அந்தச் சந்தோஷத்தைப் பிடுங்கிக்கொள்கிறார்கள். யார் பிடுங்கினார்கள் என்பதுதான் இங்கே கேள்வி.

முதலில் ஒன்றை நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும். 'மர்மத் தீவு' அட்டகாசமான கதை. 1874, 75 ஆண்டுகளில் பிள்ளைகளுக்கான ஒரு பிரெஞ்சுப் பத்திரிகையில் தொடராக வந்தது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் சிறைப்பட்ட ஐந்து பேர் பலூனில் தப்பி, யாருமில்லாத தீவில் விழுகிறார்கள். கையில் ஒன்றுமில்லை. எஞ்சினியர் சைரஸ் ஸ்மித் இரண்டு கைக்கடிகாரக் கண்ணாடிகளைச் சேர்த்து, நடுவில் தண்ணீர் நிரப்பி, ஓரத்தைக் களிமண்ணால் அடைத்து, பூதக்கண்ணாடி செய்து நெருப்பு மூட்டுகிறார். செங்கல் சுடுகிறார்கள். தாதுவை உருக்கி இரும்பு எடுக்கிறார்கள். நல்லாம்பட்டி, யாகப்பன்பட்டி பக்கம் பூட்டுப் பட்டறையில் அப்பாவோ தாத்தாவோ அரம் போட்டு ராவுவதைப் பார்த்து வளர்ந்த பையனுக்கு அந்த இரும்பு அத்தியாயம் சொந்த வீட்டுக் கதை மாதிரி இருக்கும். ஒரு பையனின் கோட்டு உள்துணியில் ஒரே ஒரு கோதுமை மணி அகப்படுகிறது. எஞ்சினியர் கணக்குப் போடுகிறார்: முதல் விளைச்சலில் 800 மணி, அடுத்ததில் 6,40,000, மூன்றாவதில் 51 கோடியே 20 லட்சம்! கூட்டு வட்டியை இதைவிட அழகாக எந்தப் பாடப் புத்தகமும் சொல்லித் தந்ததில்லை.

அந்தத் தீவில் யாரோ ஒருவர் மறைந்திருந்து இவர்களுக்கு உதவுகிறார். கருவிகள் நிறைந்த பெட்டி கரை ஒதுங்குகிறது. காய்ச்சலில் சாகக் கிடக்கிற பையனுக்கு எங்கிருந்தோ குயினைன் வருகிறது. கொள்ளையர் கப்பல் வெடித்துச் சிதறுகிறது. யார் அந்தப் புண்ணியவான்? நெமோ. கடலுக்கடியில் இருபதாயிரம் லீக் பயணம் போன அதே நெமோ, கிழவராக, தன் ஆட்கள் எல்லாம் செத்துப்போய், தனியாக.

அந்த முந்தைய நாவலில் ஒரு காட்சி உண்டு. மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிக்கும் ஓர் ஏழை இந்தியன். சுறா பாய்கிறது. நெமோ கத்தியோடு குறுக்கே விழுந்து அவனைக் காப்பாற்றி, ஒரு பை நிறைய முத்தும் கொடுத்து அனுப்புகிறார். மனித இனத்தையே வெறுத்தவர் ஏன் இவனுக்கு மட்டும் இரங்கினார் என்று பேராசிரியர் கேட்கும்போது, இவன் ஒடுக்கப்பட்டவர்களின் நாட்டைச் சேர்ந்தவன், தானும் கடைசி மூச்சு வரை அந்த நாட்டைச் சேர்ந்தவன்தான் என்கிற பொருளில் பதில் சொல்கிறார். மன்னார் கடல் நம் கடல். அந்த முத்துக்குளிப்பவன் என்ன மொழி பேசியிருப்பான் என்று சொல்லவும் வேண்டுமா?

இவ்வளவு தூரம் கூட்டிக்கொண்டு வந்த பிறகுதான் ஏமாற்றம்.

இணையத்தில் இலவசமாக அதிகம் புழங்கும் ஆங்கில 'மர்மத் தீவு', 1875 இல் டபிள்யூ.எச்.ஜி. கிங்ஸ்டன் பெயரில் வெளியான மொழிபெயர்ப்பு. (உண்மையில் வேலை பார்த்தது அவர் மனைவி ஆக்னஸ் கிங்ஸ்டன். பெயர் மட்டும் அவருடையது. அது தனிக் கொடுமை.) அதில் தக்காரின் வரலாற்றைத் திறந்தால், 1857 பற்றி என்ன இருக்கிறது தெரியுமா? பேராசை பிடித்த சில ராஜாக்கள் மக்களைத் தூண்டிவிட்டார்களாம். குழப்பத்திலும் ஓயாத சண்டையிலும் கிடந்த இந்தியர்களை மீட்டு, அமைதியும் செழிப்பும் தந்த ஆங்கிலேயர் மீதே அவர்களைப் பாய வைத்தார்களாம். மக்களின் அறியாமையும் மூடநம்பிக்கையும்தான் அந்தத் தலைவர்களுக்கு வசதியாகப் போயிற்றாம்!

பிரெஞ்சு மூலத்தில் இது கிடையவே கிடையாது. அங்கே தக்கார், இங்கிலாந்து என்கிற ஒரே நாட்டில் மட்டும் கால் வைக்க மறுத்தவர். தோற்றவன் ஜெயித்தவன் மீது வைக்கிற அத்தனை வெறுப்பும் திரண்ட மனிதர். தன் நாட்டின் கழுத்தில் ஆங்கிலேயன் மாட்டிய சங்கிலியை அறுக்கவே படித்தவர். ஆசிரியர் எழுதியதை மொழிபெயர்ப்பாளர் வெட்டினால் அது சுருக்கம். எழுதியதற்கு நேர் எதிரானதை எழுதி, ஆசிரியர் பெயரையும் அட்டையில் விட்டு வைத்தால் அதற்கு என்ன பெயர்? கணக்குப் புத்தகத்தில் இப்படிச் செய்தால் உள்ளே தள்ளுவார்கள்.

வேறு வழியில்லாமல் நடந்த தவறும் அல்ல அது. அடுத்த வருஷமே, 1876 இல், அமெரிக்காவில் ஸ்டீபன் ஒயிட் செய்த மொழிபெயர்ப்பு மூலத்துக்கு எவ்வளவோ நெருக்கமாக வந்துவிட்டது. 2001 இல் சிட்னி கிராவிட்ஸ், ஜோர்டன் ஸ்டம்ப் ஆகிய இருவரின் முழு மொழிபெயர்ப்புகளும் வந்தன. அப்படியிருந்தும் காசில்லாத பையன் கைக்கு வந்து சேர்வது கிங்ஸ்டன்தான். காப்புரிமை தீர்ந்துபோன பழைய சரக்கு சும்மா கிடைக்கும், நல்ல சரக்குக்கு டாலரில் விலை. பிள்ளைகளுக்காகச் சுருக்கிப் போடும் மலிவுப் பதிப்பு எதுவும் அந்தப் பழைய ஆங்கிலத்திலிருந்து கிளம்பினால், அதே பொய்தான் இன்னும் சின்ன எழுத்தில் வரும்.

சரி, கிங்ஸ்டனைத் திட்டிவிட்டு வெர்னைக் கும்பிட்டால் கதை முடிந்துவிடுமா? ம்ஹும். அங்கேதான் இரண்டாவது ஏமாற்றம். இது முதலாவதைவிட ஆழமானது.

வெர்ன் முதலில் நினைத்த நெமோ இந்தியரே அல்ல. 1863 இல் ரஷ்ய ஆட்சியை எதிர்த்துப் போலந்தில் எழுச்சி நடந்தது. குடும்பத்தைப் பறிகொடுத்த ஒரு போலந்துப் பிரபு பழி வாங்குவதாகத்தான் அவர் திட்டம். பதிப்பாளர் ஹெட்ஸெல் ஒப்புக்கொள்ளவில்லை. ரஷ்யாவிலும் புத்தகம் விற்க வேண்டுமே! அதனால் நெமோ நாடற்றவர் ஆனார். பிறகு இரண்டாவது நாவலில் ஏதாவது ஒரு நாடு கொடுத்தாக வேண்டும் என்று வந்தபோது இந்தியா கிடைத்தது. முதல் நாவலில் நெமோவின் அறைச் சுவரைப் பாருங்கள். போலந்தின் கோஸ்சியுஸ்கோ, கிரேக்கத்தின் போட்ஸாரிஸ், அயர்லாந்தின் ஓகானல், இத்தாலியின் மானின், அமெரிக்காவின் வாஷிங்டன், லிங்கன், ஜான் பிரவுன் எல்லோரும் படமாகத் தொங்குகிறார்கள். திப்புவின் உறவுக்காரர் அறையில் திப்பு இல்லை. இந்தியர் ஒருவர்கூட இல்லை. எப்படி இருக்கும்? அப்போது அவர் இந்தியர் இல்லையே!

அந்த உறவும் கணக்குக்கு ஒத்து வரவில்லை. தக்கார் பத்து வயதில் ஐரோப்பா போய், முப்பது வயது வரை படித்து, 1849 இல் ஊர் திரும்பியதாகக் கதை. அப்படியென்றால் பிறந்தது 1819 வாக்கில். திப்பு இறந்தது 1799 இல். திப்புவின் குடும்பத்தைக் கம்பெனி வேலூர் கோட்டையில் வைத்திருந்தது, 1806 வேலூர்ப் புரட்சிக்குப் பிறகு கல்கத்தாவுக்குக் கொண்டுபோய்விட்டது. புந்தேல்கண்ட் எங்கே வந்தது? பிரெஞ்சில் ஒரே சொல்லில் சொல்லிவிட்டுப் போய்விடலாம். தமிழில் முடியாது. அண்ணன் தம்பி மகனா, அக்காள் தங்கை மகனா என்று கேட்டாக வேண்டும். அப்பாதான் புந்தேல்கண்ட் ராஜாவாயிற்றே, அதனால் அம்மா வழி என்று வைத்துக்கொள்வோம். திப்புவின் அப்பா ஹைதர் 1782 இல் காலமாகிவிட்டார். ஆகவே அந்தத் தங்கைக்குப் பிள்ளை பிறக்கும்போது குறைந்தது 36 வயது. நடக்காதது அல்ல. ஆனால் கோதுமை மணிக்கு நாலு விளைச்சல் வரை கணக்குப் போட்ட ஆசிரியர், ஓர் இந்தியக் குடும்பத்துக்கு இரண்டு தலைமுறைக் கணக்குப் போடவில்லை. முதல் நாவலில் பேராசிரியர் 1867, 68 இல் கப்பலில் இருக்கிறார். இரண்டாவது நாவலில் அதே 1868 இல் சாகக் கிடக்கும் நெமோ, பேராசிரியர் வந்து பதினாறு வருஷம் ஆயிற்று என்கிறார்!

ஆண்டுக் குழப்பத்தை மன்னித்துவிடலாம். தீர்ப்பை மன்னிக்க முடியாது.

சாகும் தறுவாயில் நெமோ தன் வாழ்க்கையைச் சொல்லி, தான் செய்தது சரியா தவறா என்று சைரஸ் ஸ்மித்திடம் கேட்கிறார். எஞ்சினியர் சொல்லும் பதிலின் சாரம்: கடந்த காலத்தை உயிர்ப்பிக்கலாம் என்று நினைத்ததுதான் உங்கள் தவறு, தவிர்க்க முடியாத முன்னேற்றத்தை எதிர்த்துப் போராடினீர்கள். இது கிங்ஸ்டன் சேர்த்தது அல்ல. வெர்ன் நாவலில் உள்ளது. 1857 தோல்வியைச் சொல்லும் இடத்திலும், நியாயம் பலத்தின் முன் விழுந்தது என்று ஒப்புக்கொண்டுவிட்டு, அடுத்த மூச்சில் நாகரிகம் பின்வாங்காது என்று வெர்ன் சமாதானம் சொல்கிறார்.

இந்தத் தீர்ப்பைச் சொல்கிற சைரஸ் ஸ்மித் யார்? அடிமை முறையை எதிர்த்த வடக்குப் படையின் வீரர். எதிரியின் சிறையில் இருக்கப் பிடிக்காமல் புயலில் பலூன் ஏறித் தப்பியவர். அவர் சுதந்திரத்துக்காக உயிரைப் பணயம் வைத்தால் வீரம். இந்தியன் வைத்தால் முன்னேற்றத்துக்கு விரோதம். நெமோ அந்தப் பழைய போலந்துப் பிரபுவாகவே இருந்திருந்தால், ஸ்மித் இதே வாக்கியத்தை அவரிடம் சொல்லியிருப்பாரா? ரஷ்யா வந்ததுதான் முன்னேற்றம், நீர் எதிர்த்தது தப்பு என்று எந்தப் பிரெஞ்சுப் பத்திரிகையாவது அச்சிட்டிருக்குமா?

இந்த வாக்கியத்தை ஒட்டன்சத்திரம் தாண்டி விருப்பாச்சியில் போய்ச் சொல்லிப் பாருங்கள். அந்த ஊர்ப் பாளையக்காரர் கோபால் நாயக்கர் கம்பெனியை எதிர்த்துக் கூட்டணி கட்டி, 1801 இல் தூக்கில் தொங்கியவர். அவரும் முன்னேற்றத்தின் குறுக்கே வந்துவிட்டார் போலிருக்கிறது!

அறிவு விஷயத்திலும் இதே கதைதான். தக்கார் கற்றது எல்லாம் ஐரோப்பாவில். இந்தியாவிலிருந்து அவர் கொண்டுபோனது கோபமும் பணமும் மட்டும். ஆனால் நிஜத்தில் என்ன நடந்தது? ஹைதர், திப்பு காலத்து மைசூர்ப் படை இரும்புக் குழாய் ராக்கெட்டுகளைக் கம்பெனிப் படை மீது வீசியது. அவற்றைப் பார்த்துப் படித்துத்தான் இங்கிலாந்தில் காங்கிரீவ் ராக்கெட் உருவானது. அமெரிக்காவின் வாலப்ஸ் தீவு ராக்கெட் தளத்தில் திப்பு படையின் ராக்கெட் ஓவியத்தைப் பார்த்ததை அப்துல் கலாம் 'அக்னிச் சிறகுகள்' நூலில் எழுதியிருக்கிறார். திப்பு குடும்பத்தில் ஒரு விஞ்ஞானியைப் படைக்க வெர்னுக்குத் தோன்றியது. அந்தக் குடும்பத்துக்கு ஏற்கெனவே விஞ்ஞானம் தெரியும் என்பது மட்டும் தோன்றவில்லை.

நெமோவோடு சுமார் இருபது இந்தியர்கள் போனார்கள். அவர்கள்தான் நாட்டிலஸைக் கட்டினார்கள், ஓட்டினார்கள், ஒவ்வொருவராகச் செத்தார்கள். ஒருவருக்காவது பெயர் உண்டா? இல்லை. தீவில் ஒரு நாய் இருக்கிறது, பெயர் டாப். ஓர் ஒராங்குட்டான் இருக்கிறது, பெயர் ஜூப். நாய்க்கும் குரங்குக்கும் கிடைத்த பெயர் உலகின் முதல்தரமான கப்பலைக் கட்டிய இருபது இந்தியர்களுக்குக் கிடைக்கவில்லை.

கடைசியில் சொத்து என்ன ஆயிற்று? ஒரு பெட்டி நிறைய வைரமும் முத்தும் ஐந்து அமெரிக்கர்களுக்குப் போகிறது. அதை வைத்து அவர்கள் அயோவா மாநிலத்தில் நிலம் வாங்கிக் குடியேறுகிறார்கள். இருப்பதிலேயே சிறந்த முத்து லேடி கிளெனார்வன் என்கிற ஸ்காட்லாந்துச் சீமாட்டிக்கு அன்பளிப்பு. சுதந்திரத்துக்குப் போராடிய நாடுகளுக்கெல்லாம் தங்கம் கொடுத்த இந்தியரின் கடைசிச் செல்வம் அமெரிக்காவுக்கும் பிரிட்டனுக்கும் போகிறது. இந்தியாவின் வரவில் பூஜ்யம். நெமோவின் கடைசிச் சொல்லைக்கூட விட்டு வைக்கவில்லை. வெர்னின் கைப்பிரதியில் அந்த ஒற்றைச் சொல் விடுதலை. அச்சில் வந்தபோது அது கடவுளையும் தாய்நாட்டையும் சேர்த்துச் சொல்லும் பக்தி வாசகமாக மாறியிருந்தது.

'சின்னப் பிள்ளைகள் கதைக்கு இவ்வளவு ஆராய்ச்சியா?' என்று கேட்கலாம். சின்னப் பிள்ளைகள் கதை என்பதால்தான். பெரியவர்கள் சந்தேகத்தோடு படிப்பார்கள். பன்னிரண்டு வயதில் படித்தது அப்படியே உள்ளே இறங்கிவிடும். நெருப்பு மூட்டுவதையும் இரும்பு உருக்குவதையும் எந்த ஸ்மித் நம்பகமாகச் சொல்லித் தந்தாரோ, அதே ஸ்மித்தான் இந்தியன் செய்தது தவறு என்கிறார். முதலாவதை நம்புகிற பிள்ளை இரண்டாவதையும் நம்பும்.

'நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய நாவலை இன்றைய கண்ணால் பார்க்கலாமா?' என்பது அடுத்த கேள்வி. 1875 லேயே அது அரசியலாகத்தான் பார்க்கப்பட்டது. இல்லாவிட்டால் கிங்ஸ்டன் வீட்டில் எதற்கு உட்கார்ந்து மாற்றி எழுதினார்கள்? வெர்ன் 1880 இல் எழுதிய 'நீராவி வீடு' நாவலும் சாட்சி. யானை உருவத்தில் ஒரு நீராவி வண்டி வட இந்தியாவில் சுற்றுகிறது. பிரமாதமான கற்பனைதான். ஆனால் அதில் நானா சாகிப் வேட்டையாடப்பட வேண்டிய வில்லன்.

அப்படியானால் வெர்னைக் கொளுத்திவிடலாமா? வேண்டாம். அந்தக் கோதுமை மணியையும் மன்னார் முத்தையும் இழக்க யாருக்கு மனசு வரும்? செய்ய வேண்டியது வேறு. நாவல் தமிழில் வருவதானால் முழுசாக, பிரெஞ்சிலிருந்து நேராக வர வேண்டும். முடியாத காரியமா? வெ. ஸ்ரீராம் 1980 இல் காம்யுவின் 'அந்நிய'னை நேரடியாகப் பிரெஞ்சிலிருந்து கொண்டுவந்தார். 1981 இல் அவரும் ச. மதனகல்யாணியும் சேர்ந்து 'குட்டி இளவரசன்' தந்தார்கள். பாண்டிச்சேரி என்று பிரெஞ்சு படித்த ஓர் ஊரைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு, லண்டன்காரன் திருத்திய பிரதியை ஏன் தேட வேண்டும்? புத்தகத்தின் பின்னால் நாலு பக்கம் குறிப்பு போதும்: நெமோ முதலில் யாராக இருந்தார், கிங்ஸ்டன் என்ன மாற்றினார், 1857 இல் உண்மையில் என்ன நடந்தது. ஆசிரியர்கள் வகுப்பில் ஸ்மித்தின் தீர்ப்பைப் படித்துக்காட்டி, இது நியாயமா என்று பிள்ளைகளிடம் கேட்கட்டும். பதில் பிள்ளைகளுக்குத் தெரியும்.

ஆங்கிலத்தில் படிக்கிறவர்கள் இலவசப் பிரதியை இறக்குவதற்கு முன் ஒரு சின்னச் சோதனை செய்யலாம். கிங்ஸ்டன் பதிப்பில் எஞ்சினியரின் பெயரையே சைரஸ் ஹார்டிங் என்று மாற்றிவிட்டார்கள். ஹார்டிங் என்று கண்ணில் பட்டால் மூடி வைத்துவிட்டு, ஸ்மித் என்று இருக்கிற பிரதியைத் தேடுங்கள். ஸ்மித்தோடும் சண்டை போடத்தான் வேண்டியிருக்கும். ஆனால் அது வெர்னோடு போடுகிற நேர்மையான சண்டை.